குளிர்த் தொட்டி

இருநூற்றுத் தொண்ணூறு டிகிரியை
நாங்கள் குளிர் என்கிறோம்.
புதிதாய் வேலைக்கு வருபவர்கள் சிரிப்பார்கள்.
ஒரு மாதம் போனால் அவர்களும் பதிவேட்டில்
குளிர்த் தொட்டி என்றே எழுதுவார்கள்.

சூட்டுத் தொட்டி எதிரே நிற்கிறது.
ஐந்நூற்று அறுபத்தைந்து.
இரண்டுக்கும் நடுவே கோபுரம்.
அதைச் சுற்றிப் பத்தாயிரம் கண்ணாடிகள்
பகல் முழுக்கக் கழுத்தை நகர்த்தி நகர்த்தி
தாங்கள் வாங்கிய வெயிலை
ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும்.
அந்த இடத்துக்குள் குளிர்ந்ததாக ஏறி
பழுத்து இறங்கும் உப்பு.

உருகிய உப்பைப் பார்த்திருக்கிறீர்களா?
தண்ணீர் மாதிரியே இருக்கும்.
தெளிவாக, சாதுவாக,
ஒரு கை அள்ளிக் குடிக்கலாம் போல.

சோற்றுக்கு ஆகாத உப்பு இது.
இதே அட்டகாமாவின் வயிற்றில் தோண்டியது.
ஒரு காலத்தில் கப்பலேறி
யாரோ ஒருவரின் கோதுமைக்கும்
யாரோ ஒருவரின் பீரங்கிக்கும் போனது.
தோண்டியவர்களுக்குக் கூலி
கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகள்.
இப்போது எங்கும் போவதில்லை,
உள்ளூரிலேயே வேலை பார்க்கிறது
நாற்பதாயிரம் டன்
இரவு ஷிப்டில், என்னோடு.

இரண்டு நாற்பதுக்குத் தலைநகரிலிருந்து போன்.
"இன்னும் இருபது மெகாவாட்."
வணக்கம்கூட இல்லை.
வால்வைத் திறக்கிறேன்.
சூட்டுத் தொட்டியின் உப்பு போய்த் தண்ணீரைத் தொட,
தண்ணீர் தாங்க மாட்டாமல் ஆவியாகிப் பாய்ந்து
டர்பைனின் தோளைப் பிடித்துத் தள்ளுகிறது.
நேற்றைய நண்பகல்
ஆயிரம் கிலோமீட்டர் கம்பியில் நடந்து போய்
ஏதோ ஒரு மருத்துவமனை லிப்டில்
நான்காம் மாடி ஏறுகிறது.
ஏறுபவருக்குத் தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை.

மூன்று ஐந்துக்கு
பதினேழாம் குழாய் சிவந்தது திரையில்.
இருநூற்று அறுபத்திரண்டு.
ஐம்பத்தைந்து.
ஐம்பத்தொன்று.
இருநூற்று நாற்பதுக்குக் கீழே போனால்
உப்பு கல்லாகிவிடும்.
போன வருஷம் ஒரு முறை ஆனது.
மூன்று வாரம் குழாயை அறுத்தோம்.

"எவரிஸ்தோ, பதினேழு" என்றேன் ரேடியோவில்.
வாயில் ரொட்டியோடு
"போறேன்" என்றான்.

வெளியே பூஜ்ஜியத்துக்கும் கீழே.
நட்சத்திரங்கள் அநியாயத்துக்குக் கிட்டத்தில்.
கண்ணாடி கழுவும் லாரியை
வரிசை நடுவே நிறுத்தி, ஒர்தென்சியா
முன்விளக்கை அவன் பக்கம் திருப்பினாள்.
கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் குனிந்தான்.
பின்வாங்கினான்.
பிறகு வெகுநேரம் அசையவில்லை.

நாற்பத்தேழு.

"எவரிஸ்தோ?"
"நரி" என்றான், ரகசியம் சொல்பவன் போல.
"உறையைக் கிழித்து உள்ளே படுத்திருக்கிறது.
சூடேற்றும் கம்பியைக் கடித்துவிட்டது."
"துரத்து."
"துரத்தத்தான் போறேன்.
எழுந்திருக்க மாட்டேன் என்கிறது."

நாற்பத்தைந்து.

இந்தப் பாலையில் எத்தனை கல், எத்தனை பள்ளம்.
எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் போகாமல்
நேற்றைய வெயில் எங்கே இருக்கிறதென்று
மோந்து கண்டுபிடித்திருக்கிறது.

ஒர்தென்சியா ஒரே ஒருமுறை ஹாரன் அடித்தாள்.
விளக்கு வெளிச்சத்தின் குறுக்கே
ஒரு வால் போயிற்று.

கம்பியை ஒட்டுப்போட இருபது நிமிடம்.
நாற்பத்து மூன்றில் நின்றது எண்.
நின்றுகொண்டே இருந்தது.
என் தேநீரில் ஆடை படிந்தது.
நாற்பத்து நான்கு.
உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது
நின்றுகொண்டிருந்தேன் என்று.

ஆறரைக்கு சூட்டுத் தொட்டி அடிமட்டம்.
கிழக்கே மலையின் விளிம்பு வெளுக்க
கண்ணாடிகள் ஒவ்வொன்றாக முகம் நிமிர்த்தின,
கழுவியவை பளிச்சென்று,
ஒர்தென்சியா பாதியில் விட்ட வரிசை மட்டும்
தூசியோடு.

பதிவேட்டில் எழுதினேன்:
குழாய் 17, வெப்பம் இறக்கம். காரணம்: நரி.
மேலாளர் கேட்பார்.
கேட்கட்டும்.
உறையின் கிழிசலை ஏன் இன்னும் மூடவில்லை என்று
நான் எவரிஸ்தோவைக் கேட்கவில்லை.
குளிர்த் தொட்டி: 291.